மண் எரியாது

மூக்கர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். பெரிய மூக்கு என்று நினைத்துவிடாதீர்கள், எல்லோருக்கும் இருக்கிற மூக்குதான். அது பார்த்த வேலைதான் பெரியது. நாலு வீடு தள்ளி யார் வீட்டு அடுப்பிலாவது பால் அடிப்பிடித்தால் இவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்குவார். மருமகன் ஒளிந்து ஒளிந்து சிகரெட் பிடிக்கிற விஷயம் மகளுக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று. மாமனாருக்கு அவன் முதல்முறை கைகொடுத்தபோதே தெரிந்துவிட்டது. வெளியே மூச்சு விடவில்லை. பெண்ணுக்குப் பிடித்துப்போய்விட்டது, நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டார்.

அந்த மூக்குக்குத்தான் கம்பெனி சம்பளம் கொடுத்தது. காட்டில் தீக்காவல் வேலை. கோபுரத்தில் ஏறி உட்கார்ந்து எங்காவது புகை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், தெரிந்தால் ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஓட வேண்டும். ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று நினைப்பவர்கள் காட்டுத்தீயைக் கண்ணால் பார்க்காதவர்கள். அத்தனை தண்ணீருக்குக் காட்டில் எங்கே போவது? தீ வருகிற வழியில், குறுக்கே, ஒரு வண்டிப்பாதை அகலத்துக்குக் கோடு போடுவார்கள். இலை, சருகு, சுள்ளி, புல் ஒன்று விடாமல் வாரி எறிந்து வெறும் மண்ணை வெளியே கொண்டுவருவதற்குப் பெயர்தான் கோடு. தீ அதுவரைக்கும் ஆட்டம் போட்டுக்கொண்டு வரும். அதற்குமேல் தின்ன ஒன்றும் கிடைக்காமல் பட்டினி கிடந்து சாகும். மூக்கர் தன் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்தான்.

“இலை எரியும், கட்டை எரியும், அசந்தா ஆளும் எரிவான். மண்ணு எரியாது. ஓட வழி இல்லைன்னா மண்ணுல போய் நில்லு.”

இது வாய்ச்சவடால் இல்லை. இளவயதில் மலைக்காட்டில் வேலை பார்த்தபோது, இரண்டு பக்கமும் தீ சூழ்ந்துகொண்ட ஒரு மத்தியானம், தானே போட்ட கோட்டில் குப்புறப் படுத்துப் பிழைத்தவர் அவர். முதுகுச் சட்டை பொரிந்துபோயிற்று. மார்புக்கு அடியில் மண் குளிர்ந்து கிடந்தது. அப்படிப் பிழைத்தவனிடம் போய் மண்ணைப் பற்றி வேறு கதை சொல்ல முடியுமா? சொன்னால்தான் கேட்பானா?

மலைக்காட்டில் உயிரைக் காப்பாற்றிய அந்தப் பாடத்தை மூட்டை கட்டிக்கொண்டுதான் அவர் சதுப்புக்காட்டுக்கு மாற்றலாகி வந்தார்.

ஒருகாலத்தில் அங்கே மரங்கள் தண்ணீருக்குள் நின்றன. கம்பெனி வந்தது. இருந்த மரத்தை வெட்டியது, நீளநீளமாக வாய்க்கால் தோண்டித் தண்ணீரை ஆற்றுக்கு வடித்தது, சீக்கிரம் வளர்ந்து காகித ஆலைக்குப் போகிற மரமாகப் பார்த்து வரிசை வரிசையாக நட்டது. வாய்க்கால் ஆற்றில் சேருகிற முனையில், திறந்து வடிக்கவும் மூடி நிறுத்தவும் ஒரு மதகு வைத்தது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பலகையும் வைத்தது: ‘ஒவ்வொரு மரமும் ஒரு மூச்சு.’ மரத்தை மட்டும்தான் எண்ணினார்கள். மரம் எதன்மேல் நிற்கிறது என்று ஒரு மகராசனும் குனிந்து பார்க்கவில்லை.

மண் கன்னங்கரேல் என்று இருந்தது. நடந்தால் அமுங்கிப் பிறகு எழுந்தது. ஒரு கூடை அள்ளித் தலையில் வைத்தால் கூடையின் கனம்தான் தெரிந்தது. மூக்கர் வந்த அன்றே ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். வெகுநாள் பூட்டிக்கிடந்த மரப்பெட்டியைத் திறந்த வாசனை அடித்தது. நல்ல உரமான மண் என்று முடிவுகட்டிவிட்டார்.

குடியிருப்பில் இன்னொரு கூத்தும் நடந்தது. பழைய வீடுகள் ஆழமாக அறைந்த தூண்களின்மேல் நின்றவை. வருஷம் போகப்போக வாசல்படிக்கும் தரைக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. முதலில் ஒரு கல்லைப் போட்டார்கள். பிறகு ஒரு படி கட்டினார்கள். பிறகு இன்னொன்று.

“வீடு வளருதுடி,” என்று மூக்கரின் மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள். “எங்க வீட்டுக்காரர் சம்பளம்தான் வளர மாட்டேங்குது.”

வீடாவது வளர்வதாவது. நிலம் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணெதிரே காலடி நிலம் கீழே போகிறது, அதற்கு ஜோக் சொல்லிச் சிரிக்கிறார்கள் மனிதர்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன், அது வேறு விஷயம்.

மூக்கருக்கு ஆசை என்று ஒன்றே ஒன்று இருந்தது. தாம் வாழ்நாள் முழுக்கக் கம்பெனி வீட்டில் காலம் தள்ளியாயிற்று. மகளாவது சொந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். மருமகன் அதே கம்பெனியில் டிராக்டர் ஓட்டுகிறவன். குடியிருப்புக்கு அப்பால் வாய்க்கால் கரையை ஒட்டிக் கம்பெனி மனைகள் பிரித்தபோது, அவனும் ஒன்று வாங்கினான். தூணும் வேண்டாம், வருஷத்துக்கு ஒரு படி கட்டுகிற பிழைப்பும் வேண்டாம், தரையோடு தரையாகக் கட்டிவிடலாம் என்று மனை வாங்கிய எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பள்ளமான மனைகள். மேடாக்க மண் வேண்டும். எங்கே போவது மண்ணுக்கு என்று மருமகன் தலையைச் சொறிந்தபோது மூக்கர்தான் வழி சொன்னார்.

“வாய்க்கால் வெட்டின மண்ணு கரை நெடுக மலை மாதிரி கிடக்கு மாப்ள. காஞ்சு பொடியா இருக்கு. எடுத்து நிரப்புங்க. கம்பெனி ஒண்ணும் சொல்லாது, நான் கேட்டுக்கறேன்.”

டிராக்டர் டிராக்டராகக் கறுப்பு மண் வந்து இறங்கியது. தெருவுக்கும் அதுதான், தெருவின் ஒவ்வொரு வீட்டுக்கும் அதுதான். மகள் வீட்டுக்கு மட்டும் மூக்கர் கூடவே நின்று, மண்ணை அடுக்கடுக்காக மிதித்து அமுக்கவைத்தார். அதன்மேல் சிமெண்டுத் தரை. மகள் அந்தத் தரையைத் துணியால் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக்கிவிட்டாள். வீடு முடிந்த கையோடு குழந்தையும் பிறந்தது. மூக்கர் தினமும் வேலை முடிந்து அந்த வீட்டு வழியாகத்தான் வந்தார். வழி சுற்று என்று மனைவி சொன்னாள். காலுக்கு நல்லது என்றார்.

அந்த வருஷம் வெயில்காலம் கொளுத்தியது. வாய்க்காலின் அடியில் ஒரு கோடாகத்தான் தண்ணீர் நின்றது. மரம் ஏற்றப் போன லாரிக்காரன் எவனோ அணைக்காமல் போட்ட பீடித் துண்டோ என்னவோ, கோபுரத்துக்கு மேற்கே பிடித்துக்கொண்டது. மூக்கர் ஆட்களோடு ஓடினார். கோடு போட்டார். தீ கோடுவரை வந்து நின்றது, அவர் எப்போதும் சொல்கிறபடியே. மறுநாள் முழுக்கச் சாம்பலைக் கிளறி, மிச்சக் கங்குகளை மிதித்து, அங்கங்கே புறங்கையை வைத்துப் பார்த்து, “அணைஞ்சுடுச்சு” என்று அறிவித்தார். கம்பெனி அவரைக் கூப்பிட்டுக் கைதட்டியது. ஒரு சால்வையும் கிடைத்தது. பிறகு மழை வந்தது, பேருக்கு. காற்று குளிர்ந்தது. எல்லோரும் தீயை மறந்தார்கள்.

மூக்கரின் மூக்கு மறக்கவில்லை. கோபுரத்தில் உட்கார்ந்தால் நெடி வந்தது. மரம் எரிகிற நெடி இல்லை, புல் எரிகிற நெடி இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு நூல் புகை இல்லை. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இங்கே நெருப்பும் இல்லை, புகையும் இல்லை, நெடி மட்டும் இருந்தது. “வயசாச்சுங்க, மூக்குக்கு ஓய்வு குடுங்க,” என்றாள் மனைவி. அதன்பிறகு மரங்கள் விழத் தொடங்கின. காற்றே இல்லாத நாளில், பச்சைப் பசேல் என்று இலை வைத்த மரம், ஒரு முனகலும் இல்லாமல் சாய்ந்து படுத்தது. பிறகு பக்கத்து மரம். பிறகு அந்த வரிசை. மூக்கர் போய் வேர்களைப் பார்த்தார். வேர் இருக்க வேண்டிய இடத்தில் கரிக்கட்டைகள் இருந்தன.



அந்தச் சமயத்தில்தான் வெளியூர் ஆபீஸ் ஒன்றிலிருந்து மண் பரிசோதிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். காலுக்குப் பெரிதான பூட்ஸ், சட்டைப்பை நிறைய பிஸ்கட், தோளில் ஆள் உயரக் கம்பி. கம்பியை மண்ணில் இறக்கினாள். முழுக்கப் போயிற்று. இன்னொரு கம்பியை அதோடு திருகி இறக்கினாள். அதுவும் போயிற்று.

“என்னம்மா, பாதாளத்துக்கா ஃபோன் போடறீங்க?” என்றார் மூக்கர்.

“அடி தட்டவே மாட்டேங்குதுண்ணே,” என்றாள் அவள், பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு. “இது மண்ணே இல்ல, தெரியுமா? இலை, வேர், பட்டை. ஆயிரக்கணக்கான வருஷமா விழுந்தது. தண்ணிக்குள்ள காத்துப் படாம கிடந்ததால மக்காம அப்படியே இருக்கு. மேல நிக்கற மரத்துல இருக்கற கரியைவிடக் கீழ பல மடங்கு கரி இருக்கு.”

“கரியா?”

“கரிதான். தண்ணி மூடி வச்சிருந்துச்சு. வாய்க்கால் வெட்டி மூடியைத் திறந்துட்டாங்க. காத்து உள்ள போச்சு, மக்க ஆரம்பிச்சிடுச்சு. மக்குன கரி காத்தோட காத்தாப் போயிடுது. நிலம் இறங்காம என்ன செய்யும்? நம்ம ஆளுங்க மேல மரத்தை நட்டுட்டு, காத்தைச் சுத்தம் பண்றோம்னு போர்டு வச்சிருக்காங்க.”

“மக்கறது வேற, எரியறது வேறம்மா,” என்றார் மூக்கர். “மண்ணு எரியாது. என் அனுபவத்துல சொல்றேன்.”

அவள் மல்லுக்கு நிற்கவில்லை. சாய்ந்த மரங்களைத் தாண்டி, வெயில்காலத்தில் அவர் போட்ட கோட்டுக்கே போய், அதன் நடுவில் கம்பியை இறக்கினாள். கொஞ்ச நேரம் விட்டு உருவினாள். உருவிய வேகத்தில் கையை உதறிக் கம்பியைக் கீழே போட்டாள். உள்ளங்கை சிவந்துவிட்டது. கம்பி போன துளையிலிருந்து மெல்லியதாக ஏதோ வந்தது. மூக்கர் மண்டியிட்டு மூக்கை அதன்மேல் வைத்தார். இத்தனை நாள் கோபுரத்தில் அவரைத் தேடி வந்த அதே நெடி. அவர் அணைந்துவிட்டது என்று சொன்ன தீ அணையவே இல்லை. கோட்டைத் தாண்டவும் இல்லை. கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.



“மேல தண்ணி ஊத்திப் பிரயோஜனம் இல்லண்ணே,” என்றாள் அவள், கையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு. “மதகை மூடணும். நிலம் மொத்தமும் பழையபடி ஊறணும். வேற வழி இல்ல.”

மூக்கர் மதகுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அந்த நிலத்தின் மேடுபள்ளம் தெரியும். மதகை மூடினால் தண்ணீர் முதலில் எங்கே போய் நிற்கும் என்றும் தெரியும். தூண் வீடுகள் தப்பிக்கும். இத்தனை வருஷமாக இறங்கி இறங்கிப் பள்ளமான இடத்தில் தரையோடு தரையாகக் கட்டிய புதுத்தெரு தப்பிக்காது. மகள் வீட்டில் தண்ணீர் ஜன்னல்வரை நிற்கும்.

இருந்தாலும் போனார். அது அவருடைய நல்ல குணம், அதை மறைக்கக் கூடாது. முதலில் சூப்பர்வைசரிடம் போனார்.

“அண்ணே, மதகை மூடினா நட்ட மரம் பூரா வேர் அழுகிச் செத்துடும்,” என்றார் சூப்பர்வைசர். “மேலிடத்துல நான் என்னன்னு சொல்வேன்? அணைஞ்சுடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. சால்வைகூடப் போட்டாங்களே.”

பிறகு புதுத்தெருவுக்குப் போனார். மருமகன் வீட்டு வாசலில் தெருவே கூடியது. மண்ணுக்குள் தீ இருக்கிறது, மதகை மூடச் சொல்லி எல்லோரும் சேர்ந்து கேட்டால்தான் கம்பெனி கேட்கும், வீட்டை விட்டுக் கொஞ்ச நாள் வெளியே இருக்க வேண்டிவரும் என்று அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு எதிர்வீட்டுத் தையல்காரர் தொண்டையைக் கனைத்தார்.

“மூக்கரே, ஒரு சந்தேகம். இலை எரியும். கட்டை எரியும். அசந்தா ஆளும் எரிவான். அப்புறம் என்னமோ சொல்வீங்களே, அது என்ன?”

“மண்ணு எரியாது,” என்றது கூட்டம், ஒரே குரலில். சின்னப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. யாருக்கும் அவர்மேல் கோபம் இல்லை. பாசமான சிரிப்புதான். வாயைத் திறக்கத் திறக்க அவருடைய சொல்லே வந்து அவர் வாயை அடைத்தது. ஒரு மனிதன் வருஷக்கணக்கில் தானே தேய்த்துத் தேய்த்துக் கூராக்கிய கத்தி, தன் கழுத்துக்குத்தான் என்று எப்படிக் கண்டான்?

மகள் மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரைத் தனியே அழைத்தாள்.

“அப்பா, எனக்குச் சொல்லுங்க. வீட்டைக் காலி பண்ணணுமா? நீங்க சொன்னா இப்பவே கிளம்பறேன். அவர் என்ன சொன்னாலும் சரி.”

அவள் கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் தலைக்குப் பின்னால் ஜன்னலும், அதில் அவள் புதிதாகத் தைத்து மாட்டிய மஞ்சள் திரையும் தெரிந்தன. அது தண்ணீரில் மிதப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“அது ரொம்பத் தள்ளி இருக்கும்மா,” என்றார். “பாத்துக்கலாம்.”

பாத்துக்கலாம். நம்மைக் கெடுத்த வார்த்தைகளுக்குப் பரிசு கொடுப்பதென்றால் முதல் பரிசு இதற்குத்தான் கொடுப்பேன்.

மண் பரிசோதிக்கிற பெண் தன் ஆபீஸுக்குப் போய் மேலே எழுதுவதாகச் சொல்லிக் கிளம்பினாள். போகும்போது, “காஞ்ச மண்ணு எங்க விடாம தொடர்ந்து போகுதோ அந்த வழியாத்தான் தீயும் போகும்ணே. கரை மேல ஒரு கண்ணு இருக்கட்டும்,” என்றாள். கரை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் தொடங்கிப் புதுத்தெருவில் போய் முடிந்தது. மூக்கர் அன்றே ஆட்களை அழைத்துக்கொண்டு போய்க் கரையைக் குறுக்கே வெட்டினார். இடுப்பளவு தோண்டினார்கள். அதற்குக் கீழேயும் அதே கறுப்புதான். ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். போதும் என்றார். போதும் என்று சொல்ல ஆசையாக இருந்தது, சொல்லிவிட்டார்.

அதன்பிறகு குளிர் நன்றாக இறங்கியது. மூடுபனி மத்தியானம்வரை விலகவில்லை. சூரியனைப் பார்த்தே நாளாயிற்று. மூக்கருக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. மூக்கு இரண்டு பக்கமும் அடைத்து, நெடி நின்றுபோயிற்று. கோபுரத்தில் உட்கார்ந்தால் நிம்மதியாக இருந்தது. “மூக்கருக்கே மூக்கடைப்பா,” என்று மனைவி வெந்நீர் வைத்துக்கொடுத்தாள். வாசனை வரவில்லை என்பதை அவர் தீ இல்லை என்று எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷ அனுபவசாலி. யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் யானை சறுக்கினால் அது விழுகிற இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒருநாள் காலையில் அவர் மகள் வீட்டுக்குப் போனார். தெருவில் நாய்கள் கூட்டமாகப் படுத்திருந்தன. குடியிருப்பு நாய்கள், ஆலைப்பக்கத்து நாய்கள், எல்லாம் புதுத்தெருவுக்குக் குடிவந்துவிட்டன போலிருக்கிறது. கரை ஓரத்து வீடுகளின் சுவரை ஒட்டி உடம்பைச் சுருட்டிக்கொண்டு தூங்கின. கல்லெடுத்தாலும் எழுந்திருப்பதில்லை என்று தையல்காரர் அலுத்துக்கொண்டார்.

“வாங்கப்பா, டீ போடறேன்,” என்றாள் மகள். நன்றாகத் தூங்கி எழுந்த முகம் அவளுக்கு. குழந்தை பிறந்ததிலிருந்து அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. மருமகன் வேலைக்குப் போயிருந்தான். மூக்கர் செருப்பைக் கழற்றிவிட்டு, சாக்கு மிதியடியைத் தாண்டி, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காலை மேலே மடக்கிக்கொண்டார். டீ வந்தது. சுவை தெரியவில்லை, சூடு தெரிந்தது.

“பையன் எங்கம்மா?”

“தூங்கறான். நீங்க நம்ப மாட்டீங்க, விடிய விடியத் தூங்கறான்ப்பா. தொட்டில்ல போட்டாத்தான் கத்தறான். உள்ரூம் மூலையில பாயை விரிச்சுக் கீழ போட்டுட்டா போதும், ஒரு சிணுங்கல் இல்ல.” அவள் குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். “அந்த மூலையில தரை இதமா இருக்கு. சிமெண்டு பகல் வெயிலைப் பிடிச்சு வச்சுக்குமாமே, அம்மா சொன்னாங்க. நாங்களும் இப்ப அங்கதான் படுக்கறோம்.”

மூக்கர் டம்ளரைக் கீழே வைத்தார். வெளியே பார்த்தார். பனி அப்படியே நின்றது.

எழுந்து வெறுங்காலோடு உள்ளே நடந்தார். வாசலறையில் தரை ஜில்லென்றிருந்தது. உள்ரூம் நிலையைத் தாண்டியதும் அந்தக் குளிர்ச்சி இல்லை. அடுத்த அடி வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கடுத்த அடியில் அவர் காலை எடுத்துவிட்டார். மூலையில் பாயின்மேல் குழந்தை கையை விரித்துப்போட்டுத் தூங்கியது. அந்தக் குளிரில் அதன் கழுத்தெல்லாம் வியர்வை. அவர் அதை வாரி எடுத்தார். பாயின் அடிப்பக்கம் பழுப்பேறி இருந்தது.

“என்னப்பா, இப்பத்தானே...”

“வெளிய வா.”

“டீ ஆறிடும்...”

“வாம்மா,” என்றார். அந்தக் குரலை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிவந்தாள்.

மூவரும் தெருவுக்கு வந்தார்கள். குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. தையல்காரர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார். மூக்கர் கரைப்பக்கம் திரும்பினார். நாய்கள் அசையாமல் கிடந்தன. இந்தப் பக்கம் திரும்பினார். அவரே சொல்லி, டிராக்டரில் வந்து இறங்கிய கறுப்பு மண், கெட்டித்துத் தெருவாகி, வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. மகள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கப்பா நிக்கறது?”

மூக்கர் காலடியைப் பார்த்தார். செருப்பில்லாத காலுக்குத் தெருவும் வெதுவெதுப்பாக இருந்தது. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி வைத்தார், பிறகு மறு காலைத் தூக்கி வைத்தார், அதே இடத்தில்.